பல்லின் நரம்பைக் காப்பாற்ற எந்த மருந்து? வெத்திலைச் சுண்ணாம்பிலிருந்து பயோடென்ரீன் வரை

கதிரையில் சாய்ந்தவுடனேயே அந்த அம்மா கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய குரல்பதிவு. "டொக்டரிட்டச் சொல்லு, பயோடென்ரீன்தான் வைக்கவேணும். பழைய கல்சியம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லு." பயோடென்ரீன் என்பது நரம்பைக் காப்பாற்றப் பல்லுக்குள் வைக்கும் புதிய மருந்து, கல்சியம் பழையது. அண்ணன் சொன்னதில் பெரிய பிழை இல்லை. ஆனால் நான் அந்தப் பல்லை இன்னும் பார்க்கவே இல்லை. உள்ளே நரம்பு உயிரோடு இருக்கிறதா, செத்துப்போச்சா என்று தெரியாது. செத்திருந்தால் எவ்வளவு விலைகூடிய மருந்தும் அதை எழுப்பாது.

யாழ்ப்பாணத்தில் இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எனக்கு அது சந்தோஷம். "கொதிக்குது, கழட்டிவிடுங்கோ" என்று மட்டும் கேட்ட காலத்தை விட எவ்வளவோ மேல். ஆனால் கேள்வியின் வரிசைதான் தலைகீழ். மருந்தின் பெயர் கடைசிக்கு முந்திய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று, நான்கு விஷயங்கள் முடிவாகவேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன். நீங்கள் வைத்தியராக இருக்கத் தேவையில்லை, பல்லுக்கொதி ஒருமுறை வந்திருந்தால் போதும்.

நரம்பு என்று நாம் சொல்வது எது

பல்லில் கண்ணுக்குத் தெரிவது மிளிரி (எனாமல்). அதற்கு அடியில் மஞ்சள் சாயலோடு பன்முதல் (டென்ரீன்). அதற்கும் உள்ளே ஒரு சின்ன அறை, அந்த அறைக்குள் இருக்கிற மெத்தென்ற தசைதான் பற்கூழ். கூழ் என்றவுடன் ஒடியற்கூழும் நண்டும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. சனம் இதைத்தான் 'நரம்பு' என்கிறது. உண்மையில் நரம்பு நார்களோடு இரத்தக்குழாய்களும், கிருமியோடு சண்டைபிடிக்கும் கலங்களும், சுவரோரமாக வரிசையில் நின்று வாழ்நாள் முழுக்கப் பன்முதலைக் கட்டிக்கொண்டே இருக்கும் கலங்களும் அதற்குள் உண்டு. இந்தக் கடைசிக் கூட்டம்தான் நமக்கு வேண்டியது. அவை உயிரோடு இருந்தால், திறந்த இடத்தைத் தாங்களே சுவர் எழுப்பி மூடும்.

1965இல் அமெரிக்காவில் எலிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள், மற்றது கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தவை. இரண்டின் பற்களையும் நரம்பு தெரியத் துளைத்து அப்படியே விட்டார்கள். மருந்து இல்லை, மூடியும் இல்லை. சாதாரண எலிகளில் நரம்பு அழுகிச் செத்தது. கிருமி இல்லாத எலிகளில், துளைக்குள் சாப்பாடு அடைந்திருந்தும், பன்முதல் பாலம் கட்டித் தானே மூடிக்கொண்டது. பல் வைத்தியத்தில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. கிருமியை வெளியே நிறுத்தினால் நரம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நாங்கள் வைக்கிற மருந்து எல்லாம் அதற்கு வாசற்கதவு.

படி 1: கொதியின் குணத்தைக் கவனியுங்கள்

வைத்தியரிடம் போகமுதல் நீங்களே கவனிக்கக்கூடியது இது, சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குளிர்ந்த சோடா பட்டதும் சுள்ளென்று இழுத்து, சில வினாடிகளில் போய்விட்டால் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, மீளக்கூடியது. குளிர் பட்டபின் நிமிடக்கணக்கில் நின்று கொதித்தால், சுடுதேத்தண்ணி குடிக்கவே பயமாக இருந்தால், நித்திரையில் எழுப்பினால், எந்தப் பல்லென்று விரல்வைத்துக் காட்ட முடியாமல் காதுவரை பரவினால், அழற்சி முற்றிவிட்டது. பல் நாட்கணக்கில் கொதித்து, பிறகு மருந்தே இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அநேகமாக நரம்பு செத்துவிட்டது. முரசில் (ஈறில்) சின்னப் பருப்போல ஒன்று வந்து சீழ் கசிந்தாலும் அதே கதை.

முற்றிய அழற்சி என்றால் றூட் கனால் (நரம்பை முழுக்க எடுத்து வேரை அடைப்பது) அல்லது பிடுங்கல், வேறு வழியில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். அந்தக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. அழற்சி முழுக் கூழையும் ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. சூத்தைக்குக் கிட்ட உள்ள பகுதி கெட்டிருக்க, இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே நல்ல தசை இருக்கலாம். 2019இல் ஐரோப்பிய பல்வேர்ச் சிகிச்சைச் சங்கமும் 2021இல் அமெரிக்கச் சங்கமும் வெளியிட்ட நிலைப்பாடுகள், கெட்டதை வெட்டி நல்லதைக் காப்பாற்றும் வழியை முற்றிய அழற்சியிலும் யோசிக்க இடம் கொடுத்தன.

அன்றிரவைச் சமாளிக்க: பனடோல் நல்லது. இபுபுறொபென் சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் அல்சர், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. நமக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. கார்த்திகை, மார்கழி மழையோடு இங்கே டெங்கு வரும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுபுறொபெனையும் அஸ்பிரினையும் தொடவே கூடாது. அன்ரிபயோற்றிக் குளிசை நரம்புக் கொதிக்குக் கேட்காது. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பனடோலைப் பல்லோரம் அதக்கி வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள், முரசு வெந்துபோய் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

படி 2: கதிரையில் நடக்கும் சோதனை

குளிர் தெளித்த பஞ்சைப் பல்லில் வைப்பார்கள், முதலில் பக்கத்து நல்ல பல்லில், பிறகு நொந்த பல்லில். பிறகு தட்டிப் பார்ப்பார்கள், முரசை அமத்துவார்கள், எக்ஸ்றே எடுப்பார்கள். வேர்நுனியில் கறுப்பு நிழல் இருக்கிறதா, வேர் முழுசாக வளர்ந்து நுனி மூடியிருக்கிறதா என்பது எக்ஸ்றேயில்தான் தெரியும். குளிர்ச் சோதனை நரம்பு நார் பதில்சொல்கிறதா என்று மட்டும் காட்டும், இரத்தம் ஓடுகிறதா என்று காட்டாது. சின்னப்பிள்ளை பயத்தில் எல்லாவற்றுக்கும் "ஓம், நோகுது" என்று சொல்லும். அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

சங்கானைப் பக்கத்திலிருந்து எட்டு வயதுப் பெடியன் ஒருவனை அம்மம்மா கூட்டிவந்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரிய சூத்தை, இரண்டு இரவாக நித்திரை இல்லை.

"பாற்பல்தானே தம்பி, கழட்டிவிடுங்கோ. பிறகு முளைக்கும்."

"இது பாற்பல் இல்லை அம்மா. ஆறு வயசில, பாற்பல் வரிசைக்குப் பின்னால புதுசா முளைச்சது. கழட்டினால் இனி முளைக்காது."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நம்பவில்லை. எக்ஸ்றேயைக் காட்டி, வேர்நுனி இன்னும் புனல்போலத் திறந்திருப்பதையும், பக்கத்துப் பாற்பல்லுக்குக் கீழே அடுத்த பல் காத்திருப்பதையும், இதற்குக் கீழே ஒன்றுமில்லாததையும் விரலால் தொட்டுக் காட்டியபிறகுதான் "ஐயோ" என்றார். ஆறு வயதுப் பல்லைப் பாற்பல்லென்று நினைத்து விட்டுவிடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். இந்த வயதில் நரம்பு உயிரோடு நின்றால்தான் வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி மூடும். செத்தால் முட்டைக்கோதுபோல மெல்லிய வேரோடு நின்றுவிடும்.

படி 3: திறக்காமல் முடியுமென்றால் திறக்காதீர்கள்

மீளக்கூடிய அழற்சிக்கு இதுதான் முதல் தெரிவு. சூத்தையை ஓரங்களில் சுத்தமாக எடுத்து, நரம்புக்கு நேர்மேலே உள்ள தோல்போன்ற பன்முதலை விட்டு, மேலே இறுக்கமாக அடைத்துவிடுவது. முன்பெல்லாம் சூத்தை ஒரு பொட்டும் இருக்கக்கூடாதென்று வழித்தெடுத்தோம். அதில் எத்தனை நரம்புகளைத் தேவையில்லாமல் திறந்தோமோ தெரியாது. சாப்பாடு கிடைக்காமல் மூடப்பட்ட கிருமி பெரும்பாலும் அடங்கிவிடும். "டொக்டர் சூத்தையை முழுக்க எடுக்கேல்லை" என்று கோபிக்கமுதல் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரத்தம் நின்றதா?

மருந்தின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நரம்பு திறந்துவிட்டால், அல்லது திறக்கவேண்டிவந்தால், முதல் காரியம் றபர் விரிப்பு. பல் மட்டும் வெளியே தெரிய, வாயை மூடும் மெல்லிய விரிப்பு அது. எச்சில் ஒரு துளி உள்ளே போனாலும் எலிக்கதை திரும்ப நடக்கும். இந்த விரிப்பு இல்லாமல் விலைகூடிய மருந்து வைப்பது, கூரை இல்லாத வீட்டுக்கு மாபிள் பதிப்பதுபோல.

விறைப்பூசி போட்டு, சுத்தமான வைரத் துளைப்பு முனையால், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே கெட்ட தசையை வெட்டுவோம். சும்மா மேலே மூடினால் நேரடி மூடல். இரண்டு மில்லிமீற்றர் அளவு வெட்டினால் பகுதி வெட்டு. சுவீடனில் மியோமிர் ஸ்வெக் 1978இல் விபத்தில் உடைந்த முன்பற்களில் இதைச் செய்து 96 வீதம் பிழைத்ததாகக் காட்டினார், அதுவும் பழைய கல்சியம் ஐதரொட்சைட்டை வைத்தே. மேல் அறையில் உள்ள தசை முழுவதையும் எடுத்து வேர்களுக்குள் உள்ளதை மட்டும் விட்டால் முழு வெட்டு. கடைவாய்ப்பல்லில் அழற்சி முற்றியிருந்தால் பெரும்பாலும் இதுதான்.

பிறகு சோடியம் ஐப்போகுளோரைற்று நனைத்த பஞ்சு. உடுப்பு வெளுக்கிற திரவத்தின் உறவுக்காரன்தான், ஆனால் கிளினிக்கில் செறிவு பார்த்துப் பாவிப்பது. வீட்டில் யாரும் முயற்சிக்கவேண்டாம். பஞ்சை வைத்து மணிக்கூட்டைப் பார்ப்போம். ஐந்து நிமிடம், கூடிப்போனால் பத்து. அதற்குள் இரத்தம் நின்று, வெட்டுமுகம் இளஞ்சிவப்பாக, ஈரமாக, அமைதியாகத் தெரிந்தால் அது உயிருள்ள நல்ல தசை. கருஞ்சிவப்பாகப் பொங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் கெட்ட தசை கிடக்கிறது, மேலும் கீழே வெட்டவேண்டும். வேர்வாயிலும் நிற்கவில்லையென்றால் றூட் கனால். இரத்தமே வராமல் வெற்றறையாக இருந்தால் கதை முடிந்தது. ஒரு நுணுக்கம்: விறைப்பூசியில் உள்ள அட்ரினலின் இரத்தக்குழாயைச் சுருக்கும், அதனால் இரத்தம் சீக்கிரம் நின்றதுபோலப் பொய் காட்டலாம். ஆறுதலாக இன்னொருமுறை பஞ்சை எடுத்துப் பார்க்கிற வைத்தியர் நல்ல வைத்தியர்.

அந்தப் பெடியனுக்கு மேலறைத் தசை முழுவதும் கருஞ்சிவப்பு. எடுத்துவிட்டு வேர்வாய்களில் பஞ்சை வைத்தேன். மூன்றாம் நிமிடம் தூக்கிப் பார்த்தபோது மூன்று சின்ன இளஞ்சிவப்புப் புள்ளிகள், அசைவில்லை. அந்தக் காட்சியைக் கண்டால் எனக்கு இன்னும் மனதுக்குள் ஒரு துள்ளல்.

படி 5: இப்போது மருந்தைப் பேசலாம்

எல்லா நல்ல மருந்தும் அடிப்படையில் ஒன்றுதான், சுண்ணாம்பு. அம்மம்மாவின் வெத்திலைத் தட்டத்தில் இருக்கிற அதே நீற்றிய சுண்ணாம்பு வேதியியலில் கல்சியம் ஐதரொட்சைட்டு. அதன் பலத்த காரத்தன்மை, பி.எச். 12.5 அளவு, கிருமியைக் கொல்லும், தொட்ட இடத்துத் தசையை மெல்லியதாகச் சுட்டு, கீழே உள்ள கலங்களைச் சுவர் கட்டத் தூண்டும். எம்.ரி.ஏ., பயோடென்ரீன் என்ற புதிய சீமெந்து வகை மருந்துகள் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது இதே சுண்ணாம்பைத்தான் விடுகின்றன. நீங்கள் கூடக் காசு கொடுப்பது சுண்ணாம்புக்கல்ல. அந்தச் சுண்ணாம்பு இடத்தைவிட்டுப் போகாமல், கசியாமல், கல்லாகிக் கிடப்பதற்கு. (வெத்திலைச் சுண்ணாம்பைச் சூத்தைக்குள் வைத்தால் என்ன என்று கேட்கப்போகிறீர்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். கன்னமும் முரசும் வெந்துபோகும், அவ்வளவுதான்.)

கல்சியம் ஐதரொட்சைட்டை 1920இல் ஜேர்மனியில் ஹேர்மன் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் இதுதான் ராஜா. டைகல் என்ற பெயரில் இரண்டு குழாய்ப் பசையாக வருவது இதன் இறுகும் வடிவம். மலிவு, எங்கும் கிடைக்கும், சில நிமிடங்களில் இறுகும். குறை என்னவென்றால் இது பன்முதலோடு ஒட்டாது, பலம் இல்லை, காலப்போக்கில் அடைப்புக்கு அடியில் கரைந்து வெற்றிடம் விடும். இது எழுப்பும் பாலத்திலும் சின்னச் சின்னச் சுரங்கத் துளைகள் இருக்கும், கிருமி அதனூடாக இறங்கும். வட அமெரிக்காவில் 35 கிளினிக்குகளில் 376 பேரிடம் நேரடி மூடலை ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. இரண்டு வருடத்தில் தோல்வி வாய்ப்பு கல்சியம் ஐதரொட்சைட்டில் 31.5 வீதம், எம்.ரி.ஏ.யில் 19.7. யோர்தானில் முற்றிய அழற்சி அறிகுறி இருந்த நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் பகுதி வெட்டுச் செய்து பார்த்த 2017 ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது: இரண்டு வருடத்தில் எம்.ரி.ஏ. 85 வீதம் வெற்றி, கல்சியம் ஐதரொட்சைட்டு 43. ஆகவே கனடா அண்ணன் சொன்னது சரிதான். வேறொன்றும் கிடைக்காத இடத்தில், சின்னத் திறப்பில், நல்ல தசையில் இதை வைப்பது குற்றமல்ல. முற்றிய அழற்சியில் இதை நான் வைக்கமாட்டேன்.

எம்.ரி.ஏ. கதை நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினேஜாத் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதன் முக்கால்வாசி போட்லண்ட் சீமெந்து, ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்றேயில் வெள்ளையாகத் தெரிவதற்கான பிஸ்மத்து ஒட்சைட்டு, மிச்சம் ஜிப்சம். வீடு கட்டுகிற சீமெந்தேதான்! சுண்ணக்கல்லையும் களியையும் சுட்டு அரைத்தால் சீமெந்து. நம் குடாநாடே சுண்ணக்கல் பாறையில்தான் இருக்கிறது, அதை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கினார்கள், 1990இல் போரோடு அது நின்றது. அங்கே வேலைசெய்த ஒரு ஐயாவுக்கு எம்.ரி.ஏ. என்றால் என்னவென்று விளக்கியபோது, "அப்ப ஒரு மூட்டையை நான் வீட்ட வச்சிருந்திருக்கலாம்" என்றார். கூடாது. கட்டடச் சீமெந்தில் ஆர்செனிக், ஈயம் போன்றவை எவ்வளவு இருக்குமென்று யாரும் பார்ப்பதில்லை, துணிக்கையும் கரடு, எக்ஸ்றேயிலும் சரியாகத் தெரியாது.

எம்.ரி.ஏ.யின் பலம், ஈரத்தில் இறுகும். இரத்தக் கசிவு கொஞ்சம் இருக்கிற இடத்தில் பழைய பசைகள் தோற்றுப்போகும், இது நிற்கும். முத்திரையும் நன்று, பாலமும் தடிப்பு. பலவீனம் மூன்று. முதலாவது கைப்பக்குவம்: குழைத்தால் கசூரினாக் கடற்கரை ஈரமணல்போல நொறுநொறுவென்று இருக்கும், எடுத்து வைக்கப் பழகவேண்டும். இரண்டாவது நேரம்: பழைய வடிவம் இறுக இரண்டேமுக்கால் மணித்தியாலம். மேலே ஈரப்பஞ்சு வைத்துத் தற்காலிகமாக அடைத்து, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். பிரேசில் அஞ்சலஸ் வகை கால் மணித்தியாலத்தில் இறுகத் தொடங்கும்.

மூன்றாவதை நான் பட்டுத்தான் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், கிறிக்கெற் பந்து பட்டு முன்பல் உடைந்த உயர்தர மாணவி ஒருத்தி. பகுதி வெட்டு, வெள்ளை எம்.ரி.ஏ., மேலே அழகான அடைப்பு. நரம்பு பிழைத்தது. சில மாதம் கழித்து வந்தபோது பல்லின் கழுத்து சாம்பல் நிறம். பிஸ்மத்து இரத்தத்தோடும் ஐப்போகுளோரைற்றோடும் சேர்ந்தால் கறுக்கும், வெள்ளை என்று பெயர் இருந்தாலும். "டொக்டர், பல்லு நல்லாத்தான் இருக்கு, ஆனால் சிரிக்கேலாமல் இருக்கு" என்றாள். முன்பல்லுக்கு இதை அதற்குப்பிறகு நான் தொட்டதில்லை.

பயோடென்ரீன் பிரான்சின் செப்ரோடொன்ற் நிறுவனத்தின் பொருள், 2009 அளவில் சந்தைக்கு வந்தது. இதுவும் கல்சியம் சிலிக்கேற்று, அதாவது சீமெந்தின் சுத்தமான இதயம், பிஸ்மத்துக்குப் பதில் சேர்கோனியம் ஒட்சைட்டு. அதனால் கறுக்கும் பயம் மிகக் குறைவு. திரவத்தில் உள்ள கல்சியம் குளோரைட்டு இறுகலை விரைவாக்கும், பன்னிரண்டு நிமிடம் அளவு. பன்முதலுக்குக் கிட்டிய பலம் இருப்பதால் அறை முழுவதையும் இதாலேயே நிரப்பிவிட்டு, சில மாதத்துக்குள் மேலே நிரந்தர அடைப்புச் செய்யலாம். குறை: ஒரு பல்லுக்கு ஒரு கப்சூல், திறந்தால் மிச்சம் வைக்கமுடியாது. கலக்க மெஷினும் மின்சாரமும் வேண்டும். எக்ஸ்றேயில் பன்முதல்போலவே மங்கலாகத் தெரியும், வேறு வைத்தியர் பார்த்தால் "இங்கே ஒன்றுமே வைக்கவில்லையே" என்று குழம்பலாம். எம்.ரி.ஏ. ஒரு கிராம் பக்கெற்றைப் பல தடவைக்குப் பிரித்துப் பாவிக்கலாம் என்பதால் ஒரு பல்லுக்கான செலவு சிலவேளை அதிலேயே குறைவு. ஆனால் நம் மழைக்காலக் காற்றில் திறந்த பக்கெற் ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். காற்றுப்போகாத சின்னப் போத்தலில் வைக்காமல் இரண்டு தடவை எறிந்திருக்கிறேன்.

இரண்டில் எது பிழைக்க வைக்கும் என்று கேட்டால், ஒப்பிட்ட ஆய்வுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் கணக்கு இப்படி: முன்பல் என்றால் பயோடென்ரீன். கடைவாய்ப்பல் என்றால் எது கையில் சுத்தமாக இருக்கிறதோ அது, எதில் வைத்தியரின் கை பழகியிருக்கிறதோ அது. ஒரே நாளில் முடிக்கவேண்டிய சின்னப்பிள்ளைக்குப் பயோடென்ரீன். நெடுந்தீவிலிருந்து வள்ளம் ஏறி வருகிறவருக்கு இரண்டாம் தரம் வரச் சொல்ல எனக்கு மனம் வராது, அவருக்கும் அதுதான்.

குழைக்கத் தேவையில்லாத, ஊசிக்குழாயிலோ சின்னக் கிண்ணத்திலோ வரும் பயோசெரமிக் பசையும் உண்டு. ரொட்டி மாவுபோல உருட்டி வைக்கலாம், கறுக்காது, பல்லின் ஈரத்திலேயே இறுகும். கைக்கு மிக இலகு, பைக்கு மிகப் பாரம். ஒளிபட்டு இறுகும் தெராகல் போன்றவற்றில் றெசின் கலந்திருக்கிறது. நரம்பு திறக்காத ஆழ்ந்த குழியில் படையாகப் பூசச் சரி, திறந்த தசைமேல் நேரே வைக்க நான் விரும்புவதில்லை.

கராம்பெண்ணெயை விட்டுவிட்டால் அம்மம்மாமார் கோபிப்பார்கள். கராம்பில் உள்ள யூஜினோல் நரம்பைச் சாந்தப்படுத்தும், அதை நாக (துத்தநாக) ஒட்சைட்டோடு குழைத்த சீமெந்து நல்ல தற்காலிக அடைப்பு, இன்றும் பாவிக்கிறோம். பன்முதல் நடுவில் இருக்கும்வரை அது நண்பன். திறந்த தசையில் நேரே பட்டால் நஞ்சு. கொதி அடங்கும், உள்ளே அழற்சி ஆறாமல் புகைந்துகொண்டே இருக்கும்.

பாற்பல்லுக்கு மட்டும் தனிச் சரித்திரம். பல தசாப்தமாகப் போமோகிறீசோல் என்ற திரவம், போமல்டிஹைட்டும் கிறீசோலும் சேர்ந்தது, மேல்தசையைப் பதப்படுத்தி வைத்துவிடும். வெற்றி வீதம் நல்லதுதான். ஆனால் 2004இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் போமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தியது. பஞ்சில் பிழிந்தெடுத்த ஒரு துளியால் பிள்ளைக்கு ஆபத்து என்று யாரும் காட்டவில்லை, என்றாலும் நல்ல மாற்று இருக்கும்போது எதற்கு? பெரிக்கு சல்பேற்று இரத்தத்தை நிறுத்தும், சுவர் கட்டாது. பாற்பல்லிலும் எம்.ரி.ஏ.யும் அதன் உறவுகளும்தான் இப்போது முன்வரிசை. கல்சியம் ஐதரொட்சைட்டை மட்டும் பாற்பல் வெட்டில் வைக்கவேண்டாம், வேரை உள்ளிருந்தே கரைக்கும்.

படி 6: மேல்மூடி

உள்ளே எதை வைத்தாலும் மேல் அடைப்புக் கசிந்தால் எல்லாம் வீண். மருந்துக்கு மேல் கிளாஸ் அயனமர் என்ற சீமெந்து, அதன்மேல் பல் நிறக் கொம்போசிற் அல்லது வெள்ளி நிற அமல்கம், சுவர் உடைந்த கடைவாய்ப்பல் என்றால் உறை. பாற்பல்லுக்கு வெள்ளி நிற உலோக உறைதான் சிறந்தது. "பிள்ளைக்கு வடிவில்லை" என்று மறுக்கிற தாய்மாரோடு நான் வாதாடுவேன். தற்காலிக அடைப்போடு "கொதி நிண்டிட்டுது" என்று மாதக்கணக்கில் வராமல் விடுவதுதான் இங்கே நான் காணும் தோல்விகளின் பெரிய காரணம். கோயில் திருவிழா முடிய, பரீட்சை முடிய, நெல்லு வெட்டி முடிய என்று தள்ளிக்கொண்டே போவார்கள்.

படி 7: பிறகு

முதல் இரண்டு மூன்று நாள் லேசான நோவு இருக்கலாம், பனடோல் போதும். கூடிக்கொண்டு போனால், கடிக்க நொந்தால், வீங்கினால் காத்திருக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டும், புண் ஆறுவது அதைப் பொறுத்தது. ஆறு மாதத்தில் ஒருமுறை, ஒரு வருடத்தில் ஒருமுறை, பிறகு நான்கு வருடம் வரை வருடம் ஒன்று எனப் பார்க்கவேண்டும். முழு வெட்டுச் செய்த பல் குளிருக்குப் பதில் சொல்லாது, மேல்தசையே இல்லையே. அது தோல்வி அல்ல. எக்ஸ்றேதான் சாட்சி. தோற்றாலும் றூட் கனால் செய்ய வழி உண்டு, கல்லாகிய எம்.ரி.ஏ.யைத் துளைப்பது வைத்தியருக்குக் கொஞ்சம் பொறுமை வேலை, அவ்வளவே.

என்ன வைத்தார்கள் என்று ஒரு துண்டில் எழுதி வாங்கி, எக்ஸ்றேயோடு வைத்திருங்கள். அரச கிளினிக், தனியார், பிறகு கொழும்பு அல்லது வெளிநாடு என்று நம்மவர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள். அடுத்த வைத்தியருக்கு அந்தத் துண்டு பெரிய உதவி.

பெடியனுக்குப் பயோடென்ரீன் வைத்தேன். அது இறுகும்வரை அம்மம்மாவிடம், "அம்மா, இதுவும் உங்கட சுண்ணாம்புதான்" என்றேன். "அப்ப ஏன் இவ்வளவு காசு?" என்றார் உடனே. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் மூன்று வேர்வாய்களிலும் வெள்ளைக் கோடாகப் பாலம், வேர் முன்னையதைவிட நீளம், புனல் வாய் ஒடுங்கியிருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தன் வாயைத் திறந்து, மேல்பக்கத்தில் ஆடுகிற ஒன்றை விரலால் காட்டி, "இதுக்கும் அதை வைக்கேலுமோ?" என்றார். அது முரசு வருத்தம், வேறு கதை. அவருக்கு அடுத்த வியாழனுக்கு நம்பர் எழுதிக் கொடுத்தேன்.